கொழும்பு யன்னல்களைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடங்களைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் முழுக் கட்டடத்தையும் ஒரே படத்துக்குள் அடக்கத்தான் பார்ப்பார்கள். கொழும்பில் அது லேசில் நடக்காது. முன்னால் மின்கம்பி, விளம்பரப் பலகை, லொறி, உயர்ந்த மதில் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். யன்னலுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரு லென்ஸ், கொஞ்சம் பொறுமை, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்ற கணக்கு இருந்தால் போதும். இது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கான பதில்கள் இவை.

யன்னலில் படமெடுக்க அப்படி என்ன இருக்கிறது?

ஒரு கட்டடம் வெயிலோடும் மழையோடும் காற்றோடும் எப்படிச் சமாளிக்கிறது என்பதை முகப்பில் வேறெந்த இடமும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டாது. சுவரின் தடிப்பு, மழைச்சாரலைத் தடுக்கும் தட்டு, காற்றுப் போக விட்ட இடைவெளி, கள்ளனுக்குப் பயந்து பிற்பாடு அடித்த கம்பி எல்லாம் அந்த ஒரு சதுரத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: யன்னலை ஒரு நிறத் துண்டாக எடுக்காதீர்கள், அது வேலை செய்வது தெரியும்படி எடுங்கள். நீலக் கதவு, மஞ்சள் சுவர், சாய்த்து வைத்த சைக்கிள் என்று எடுக்கும் படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அந்த யன்னல் கொழும்பில் இருக்கிறதா, ஹவானாவில் இருக்கிறதா என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சீமெந்துத் தட்டையும் கீழே மழைநீர் வடிந்த கறையையும் சேர்த்துப் பாருங்கள், அப்போது ஊர் தெரியும்.

எந்தக் காலத்து யன்னல் என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். ஆனால் யன்னல்கள் மாற்றப்படுபவை. 1880இல் கட்டிய சுவரில் போன வருடத்து அலுமினியம் இருக்கும். ஆகவே முதலில் சுவரைப் பாருங்கள், பிறகு சட்டத்தைப் பாருங்கள்.

ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்களில் முதலில் தெரிவது சுவரின் தடிப்பு. கொட்டாஞ்சேனைப் பக்கம் மேட்டில் நிற்கும் வுல்ஃபெண்டால் தேவாலயம் 1757இல் திறக்கப்பட்டது. அதன் சுவர்களின் தடிப்பில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். யன்னல் அந்தத் தடிப்புக்குள் ஆழப் பதிந்திருக்கும். கோட்டையில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், திருத்தப்பட்டு 2011இல் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. தடித்த சுவரையும் மரச்சட்டத்தையும் முற்றத்தில் நின்று நிதானமாகப் பார்க்க அது வசதியான இடம். புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகமும் 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வீடாக இருந்த கட்டடம்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் யன்னல் உயர்ந்து, மேற்பகுதி வளைந்து, மரச் சிறகுகள் வைத்த லூவர் கதவுகளோடு வருகிறது. 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையைப் பாருங்கள். ஜேம்ஸ் ஸ்மிதர் இத்தாலியப் பாணியில் வரைந்தது, கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். வெள்ளைச் சுவரில் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் வளைவுகள். 1889இல் மனநோயாளர் விடுதியாகக் கட்டப்பட்டு, 2014இல் கடைத்தொகுதியாக மாறிய சுதந்திர ஆர்கேடும் அதே குடும்பம். யோர்க் வீதியில் 1906இல் எழுந்த கார்கில்ஸ் கட்டடம் சிவப்புச் செங்கல். வெள்ளைப் பூச்சுச் சுவரும் செங்கல் சுவரும் வெளிச்சத்தை வாங்கும் விதமே வேறு.

அப்புறம் 1930களிலிருந்து 50கள் வரையான வீடுகள். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கறுவாத்தோட்டம் எங்கும் இவை இருந்தன, இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. மூலையை வளைத்துக்கொண்டு போகும் யன்னல், கப்பலில் இருப்பதுபோல வட்ட யன்னல், மெல்லிய இரும்புச் சட்டம், மேலே நீளமான சீமெந்துத் தட்டு, கம்பியில் சூரியன் உதிப்பதுபோன்ற வேலைப்பாடு என்று இவற்றை அடையாளம் காண்பது சுலபம். என் கண்ணுக்குக் கொழும்பின் மிக நல்ல யன்னல்கள் இந்தக் காலத்தவைதான். உல்லாசப் பயணிகளுக்கான புத்தகங்கள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை.

1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கண்ணாடியும் இரும்பும் நினைத்தபடி கிடைக்காதபோது கட்டடக் கலைஞர்கள் மரம், ஓடு, சீமெந்துக் கற்களை வைத்து யோசித்தார்கள். பொருளாதாரம் திறந்துவிட்ட பிறகு அலுமினியமும் நிறம் போட்ட கண்ணாடியும் வந்தன. ஏசி வந்ததும் யன்னலைத் திறக்க வேண்டிய தேவையே போய்விட்டது.

என்ன கமெரா வேண்டும்? போன் போதாதா?

போதும். ஆனால் போனில் 0.5 மடங்கு என்று வரும் அகல லென்ஸைத் தொடவே வேண்டாம். ஓரத்தில் இருக்கும் நேர்கோட்டை அது இழுத்து நீட்டிவிடும். 2 அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்திப் பின்னால் போய் நில்லுங்கள்.

கமெரா வைத்திருப்பவர்களுக்கு 85 மி.மீ அளவில் ஒரு லென்ஸ் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். முழுச் சட்டக் கமெராவை (36க்கு 24 மி.மீ உணரி உள்ள ஃபுல் ஃபிரேம்) செங்குத்தாகப் பிடித்து, 8 மீட்டர் தூரத்தில் நின்றால் ஏறத்தாழ 3.4 மீட்டர் உயரம் படத்துக்குள் வரும். ஒரு யன்னலும் அதைச் சுற்றித் தேவையான அளவு சுவரும் என்று சரியாக இருக்கும். 70 முதல் 200 வரை போகும் சூம் இருந்தால் மேல்மாடிகளும் கைக்கு எட்டும். லென்ஸின் துளை எஃப் 8, ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 100 முதல் 400. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

மேல்மாடி யன்னலை எடுத்தால் மேலே குறுகிப் போகிறது. எப்படித் தவிர்ப்பது?

கமெராவை மேலே நிமிர்த்தினால் செங்குத்துக் கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். சுவரும் கமெராவின் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் கோடுகள் நேராக நிற்கும்.

முதல் வழி தூரம் போவது. உங்கள் கண்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தில் ஒரு யன்னல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் தள்ளி நின்றால் 45 பாகை நிமிர்த்த வேண்டும். 15 மீட்டர் தள்ளி நின்றால் 18 பாகைதான். மீதி வேலையை நீண்ட லென்ஸ் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது வழி நீங்களும் மேலே ஏறுவது. எதிர்ப்பக்கக் கட்டடத்தின் முதலாம் மாடி, மேம்பாலம், ரயில் நிலைய நடைபாலம் எதுவும் உதவும். எதிர்க்கடையின் மாடியில் ஒரு தேநீர் குடித்துக்கொண்டே எடுத்த படம், தெருவில் அண்ணாந்து எடுத்ததைவிட எப்போதும் நன்றாக இருக்கும்.

இரண்டும் முடியாவிட்டால் பிறகு கணினியில் திருத்தலாம். லைட்ரூமில் அதற்கு வசதி உண்டு, போனில் ஸ்னாப்சீட் இலவசமாகவே செய்யும். திருத்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், ஆகவே எடுக்கும்போதே சுற்றி இடம் விட்டு எடுங்கள். அளவுக்கு மீறித் திருத்தினால் யன்னல் மேலே அகன்று, தலை பெருத்ததுபோலத் தெரியும். கொஞ்சம் சாய்வை விட்டுவைப்பது இயல்பு.

ஓர் எச்சரிக்கை: கால் பங்கு நிமிர்த்தி, கால் பங்கு பக்கவாட்டில் திரும்பி எடுக்கும் படம் பெரும்பாலும் இரண்டும்கெட்டான். ஒன்று நேர்முகமாக எடுங்கள், இல்லையென்றால் ஆழமும் அடிப்பக்கமும் தெரியும்படி வேண்டுமென்றே கோணத்தில் எடுங்கள்.

எந்த நேரத்து வெளிச்சம் நல்லது?

“காலையும் மாலையும்” என்ற பதில் எல்லா ஊருக்கும் பொருந்தும். கொழும்புக்கு இன்னும் திட்டமாகச் சொல்லலாம்.

யன்னலில் நமக்கு வேண்டியது ஆழம். சுவரிலிருந்து சட்டம் எவ்வளவு உள்ளே போகிறது, பூச்சு வேலை எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதெல்லாம் வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழும்போதுதான் தெரியும். வெயில் நேரே முகத்தில் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

காலி வீதி ஏறக்குறைய வடக்குத் தெற்காகப் போகிறது. அதன் தரைப்பக்கத்துக் கட்டடங்களின் முகம் கடலை, அதாவது மேற்கைப் பார்க்கிறது. மாலை நாலு மணிக்குப் பிறகு வெயில் அவற்றின் முகத்தில் நேராகவே விழும். நிறத்துக்கு நல்லது, ஆழத்துக்குப் போதாது. அவற்றுக்கு நான் நண்பகல் தாண்டி ஒரு மணி, ஒன்றரை மணியைத்தான் சொல்வேன். வெயில் அப்போதுதான் முகப்புக்குத் திரும்பி, மேலிருந்து சுவரை உரசி இறங்கும்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் கிழக்கு மேற்கு. அவற்றில் உள்ள வீடுகள் வடக்கையோ தெற்கையோ பார்க்கின்றன. இங்கேதான் நாள்காட்டி முக்கியம். கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே வந்து வடக்கே போகிறது, செப்டெம்பர் முதல் வாரத்தில் திரும்பத் தலைக்கு மேலே வந்து தெற்கே போகிறது. ஆகவே ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் வடக்குப் பார்த்த வீடுகளில் வெயில் படும், மீதி மாதங்களில் தெற்குப் பார்த்தவற்றில் படும். டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு, ஏழரைக்குத் தெற்குச் சுவரில் விழும் வெயில் தாழ்வானது, பக்கவாட்டானது, இதமானது. பெரும்பாலும் வானமும் வெளித்திருக்கும். ஜூனில் அதே வேலையை வடக்குச் சுவரில் எதிர்பார்க்கலாம், ஆனால் தென்மேல் பருவமழை மேகம் விட வேண்டும்.

ஏப்ரல், செப்டெம்பர் உச்சி வெயிலை எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அது ஒரு விஷயத்துக்குப் பிடிக்கும். 1940களின் வீடுகளில் யன்னலுக்கு மேலே இருக்கும் சீமெந்துத் தட்டின் நிழல் அந்த நேரம் சுவர் முழுக்க நீண்டு விழும். அந்தத் தட்டு எதற்காக வைக்கப்பட்டது என்பதை அந்த ஒரு படம் காட்டிவிடும்.

மழைக்காலத்தில் எடுக்க முடியாதா?

தாராளமாக. மேகம் மூடிய வானம் கார்கில்ஸ் போன்ற செங்கல் கட்டடங்களுக்கு மிக நல்லது. நிழல் விழுந்து நுணுக்கங்களை மறைக்காது, நனைந்த செங்கல் நிறம் ஆழமாகும். மழை பெய்து ஓய்ந்த கால் மணிநேரத்தில், தட்டிலிருந்து நீர் எங்கே சொட்டுகிறது, எங்கே சொட்டாமல் சுவரில் வழிகிறது என்று பாருங்கள். கட்டியவர் கெட்டிக்காரரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

வெள்ளைச் சுவர் சாம்பலாகவும் யன்னல் வெறும் கறுப்பாகவும் வருகிறதே?

கமெராவின் வெளிச்ச அளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். நூதனசாலை மாதிரி வெள்ளைச் சுவர் படத்தை நிறைத்தால் வெளிச்ச ஈட்டை (கமெராவில் +/− குறியுள்ள அமைப்பு) முக்கால் அல்லது ஒரு படி கூட்டுங்கள். ஒரு படி என்றால் வெளிச்சம் இரு மடங்கு. கூட்டிவிட்டு, படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றால் பூச்சின் நயம் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம், கொஞ்சம் குறையுங்கள். போனில் சுவரைத் தொட்டுப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கீழே இழுத்தால் இதே வேலை நடக்கும்.

யன்னலின் உள்ளே கறுப்பாக இருப்பது குறையே இல்லை. பகலில் தெருவில் நின்று பார்த்தால் நம் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது. உள்ளே இருக்கும் அலுமாரியும் கலண்டரும் தெரியும் வரை கறுப்பை இழுத்துத் தூக்கினால் படம் பொய்யாகத் தெரியும். சட்டத்துக்கும் கறுப்புக்கும் நடுவே இருக்கும் அந்த உட்பக்கச் சுவர்ப் பட்டையில் மட்டும் விவரம் இருக்கட்டும். ரா கோப்பாக (கமெரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுத்தால் அதைச் சுலபமாகச் சரிசெய்யலாம்.

கண்ணாடியில் நானே தெரிகிறேன். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிப்பான்) வாங்கினால் சரியா?

நேர்முகமாக நின்று எடுத்தால் போலரைசர் ஒன்றும் செய்யாது. கண்ணாடித் தளத்திலிருந்து ஏறக்குறைய 35 பாகைக் கோணத்தில் நின்றால்தான் அது பிரதிபலிப்பை நன்றாக வெட்டும். நேர்முகப் படத்துக்கு ஒரு சின்னத் தந்திரம் உண்டு. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள். கமெரா சுவருக்கு இணையாகவே இருக்கட்டும், யன்னல் படத்தின் ஒரு பக்கமாக வரும். பிறகு வெட்டி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் கண்ணாடியில் இருக்க மாட்டீர்கள்.

ஆனால் எல்லாப் பிரதிபலிப்பையும் துரத்தத் தேவையில்லை. பழைய கண்ணாடி முழுக்கத் தட்டையாக இருக்காது. அதில் தெரியும் தென்னை மரமும் எதிர்வீட்டுக் கூரையும் நெளியும். பக்கத்தில் உடைந்து மாற்றிய புதுக் கண்ணாடியில் அதே மரம் நேராக நிற்கும். எது பழையது, எது புதியது என்பதைப் பிரதிபலிப்புத்தான் சொல்கிறது. போலரைசரைத் திருப்பி அதை அழித்துவிடாதீர்கள். கோட்டையில் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் மாதிரிக் கண்ணாடிக் கட்டடங்களில் யன்னல் என்று தனியாக ஒன்றும் இல்லை, பிரதிபலிப்புத்தான் விஷயமே.

வீட்டுக்குள் இருந்து எடுக்கும்போது வெளியே வெள்ளையாகப் போய்விடுகிறது.

உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் பகலில் எந்தக் கமெராவுக்கும் அதிகம். முக்காலி இருந்தால் இரண்டு படி இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணைக்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது பொழுது சாயும் வரை இருப்பது. சூரியன் மறைந்து 15, 20 நிமிடத்தில் வெளிவெளிச்சமும் உள்ளே எரியும் பல்பின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாகும். கொழும்பில் அந்தி நீளாது. ஆகவே முக்காலியை விரித்து, சட்டகத்தை முதலே சரிபார்த்துவிட்டு உட்காருங்கள்.

புறக்கோட்டையில் பின்னால் போய் நிற்கவே இடமில்லை. என்ன செய்வது?

இதுதான் உண்மையான சிக்கல். இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும். 1909இல் கட்டி முடிந்த, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அந்தக் கட்டடம் ஒடுங்கிய தெருவில் நிற்கிறது. முழு முகப்பையும் எடுக்க முயலும் ஒவ்வொரு படமும் ஒரே மாதிரிக் கழுத்து முறிந்த கோணத்தில்தான் வருகிறது, போதாததற்கு நிறத்தையும் எரியும் வரை கூட்டிவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்தில் நான் பார்க்கச் சொல்வது ஒரு யன்னல், அதன் வளைவு, கோடுகள் வளைவைச் சந்திக்கும் இடத்தில் எப்படித் திரும்புகின்றன என்பது. தெருவின் ஒரு முனைக்குப் போய், நீண்ட லென்ஸில் சரிவாக எடுங்கள். யன்னல்கள் ஒன்றின்பின் ஒன்றாக நெருங்கி வரும், ஒடுங்கிய தெரு அப்போது உதவியாக மாறுகிறது. உள்ளே போக விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் கேட்டு, உடம்பை மூடிய உடையில் போங்கள்.

மற்றத் தெருக்களுக்கு ஞாயிறு காலையும் போயா எனும் முழுநிலா விடுமுறை நாட்களும் பரவாயில்லை. மற்ற நாட்களில் லொறியும் நாட்டாமிமாரின் (சுமை தூக்குபவர்களின்) கைவண்டியும் உங்களைப் பொறுத்துக்கொண்டு நிற்கமாட்டா. சுமையோடு வருபவருக்கு வழி விடுவது நம் வேலை, அவர் வேலை அல்ல.

இன்னொன்று, புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் கண்மட்டத்தில் யன்னல் தேடாதீர்கள். கீழே முழுக்கக் கண்ணாடியும் பெயர்ப்பலகையும்தான். பெயர்ப்பலகைக்கு மேலே பாருங்கள். நகைக்கடையின் பளபளப்புக்கு மேலே, பூச்சு உதிர்ந்த மாடியில் பழைய மரக்கதவுகள் இன்னும் சில இடங்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

கண்ணாடியே இல்லாத யன்னலை எப்படி எடுப்பது?

கேள்வி நல்லது, ஏனென்றால் இங்கே வெப்பத்துக்கு வழி கண்டவர்கள் பலரும் கண்ணாடியைக் குறைத்தவர்கள்தான். துளை விட்ட சீமெந்துக் கற்கள், மரச் சட்டங்களை வரிசையாக நிறுத்திய சுவர்கள், முற்றத்தைப் பார்த்துத் திறந்தே கிடக்கும் அறைகள் என்று பல விதம். பேர வாவியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பௌத்த வழிபாட்டிடமான சீமமாலகை, மெல்லிய மரத்தூண்களை நெருக்கி நிறுத்திச் சுவராக்கிய மண்டபம். சுவரா யன்னலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இவற்றை வெளியே நின்று எடுத்தால் வெறும் கோலம்தான் மிஞ்சும். உள்ளே போய், வெளிச்சம் தரையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தரையையும் சேர்த்து எடுங்கள். காலையில் ஒன்று, ஒரு மணிநேரம் கழித்து இன்னொன்று என்று ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் அந்தச் சுவர் செய்யும் வேலை விளங்கும்.

பாவாவின் சொந்த வீடு கொள்ளுப்பிட்டிப் பக்கம் பகத்தலை வீதியின் 33ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. நான்கு சிறு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி இணைத்தது. முன்பதிவு செய்துதான் பார்க்கலாம், உள்ளே படமெடுக்கலாமா என்பதையும் பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வாவை மறந்துவிடாதீர்கள். 1918இல் பிறந்து 1998இல் மறைந்தவர், உள்ளூர்க் கைவினைஞரின் நெசவையும் மண்வேலையையும் நவீன வீட்டுக்குள் பாவாவுக்கு முன்பே கொண்டுவந்தவர். கொழும்பில் அவர் கட்டிய வீடுகள் தனியார் வீடுகள், ஆகவே அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

மற்றவர் வீட்டு யன்னலை எடுக்கலாமா?

தெருவில் நின்று தெருவுக்குத் தெரிவதை எடுப்பது ஒரு விஷயம், யன்னலுக்குள் லென்ஸைச் செலுத்துவது வேறு விஷயம். நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர் வீட்டுக்காரரின் கண்ணுக்கு உளவு பார்ப்பவராகத்தான் தெரிவார். திறந்திருக்கும் படுக்கையறை யன்னல், ஆள் நிற்கும் யன்னல், உள்ளுடுப்புக் காயும் யன்னல் மூன்றையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

கேட்பது சுலபம். “அக்கா, உங்கட யன்னல் நல்ல வடிவா இருக்கு, ஒரு படம் எடுக்கட்டா?” என்று கேட்டால் வெள்ளவத்தையில் பத்தில் எட்டுப் பேர் “எடுங்கோ” என்பார்கள், அதிலும் சிலர் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணியும் தருவார்கள். சிங்கள வீடென்றால் “போட்டோ எகக் கன்ன புளுவன்த?” போதும். எதற்கு என்று கேட்பார்கள். வீடு வாங்க வந்த தரகர் இல்லை என்பதைத்தான் முதலில் தெளிவாக்க வேண்டும், காணி விலை அப்படி. எடுத்த படத்தை அனுப்பிவையுங்கள். முகவரி தெரியும்படி இணையத்தில் போடாதீர்கள்.

பொலிஸ் மறிப்பார்களா?

கோட்டையில் வாய்ப்பு உண்டு. ஜனாதிபதி மாளிகை, மத்திய வங்கி, துறைமுக வாசல்கள், கடற்படைத் தலைமையகம் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பைக் கண்ட பகுதி அது, காவலில் நிற்பவர்களிடம் அந்த எச்சரிக்கை இன்னும் இருக்கிறது. சீருடையில் நிற்பவர் படத்துக்குள் வராமல் பாருங்கள். சந்தேகம் என்றால் எடுக்கும் முன்னரே போய்க் கேளுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தமிழ்ப் பெயரோடு அட்டையை நீட்டும்போது பழைய நினைவுகளில் கை கொஞ்சம் தயங்கும், அது நம்மில் பலருக்கும் உள்ளதுதான். அமைதியாக, எடுத்த படங்களைக் காட்டினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். வெறும் யன்னல் படங்களாக இருப்பதைப் பார்த்து அவர்களே சிரிப்பதும் உண்டு. “அழி” என்றால் அழித்துவிட்டு நடங்கள், ஒரு யன்னலுக்காக வாக்குவாதம் வேண்டாம்.

ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். யன்னலுக்கு ட்ரோன் எதற்கு என்பது என் கேள்வி.

ஏசிப் பெட்டி, வயர், டிஷ் எல்லாவற்றையும் கணினியில் அழித்துவிடலாமா?

சுவரில் மாட்டும் அலங்காரப் படம் என்றால் உங்கள் விருப்பம். கட்டடத்தின் பதிவு என்றால் கூடாது. லூவர் கதவை வெட்டி அதில் ஏசியைச் செருகியிருக்கிறார்கள் என்பதுதான் அந்த யன்னலின் இன்றைய நிலை. கம்பியில் சிக்கிய ஷொப்பிங் பையை மட்டும் நான் அழிப்பேன், நாளைக்கு அது அங்கே இருக்காது.

கமெராவுக்கு ஏதாவது கவனம்?

ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே வந்ததும் லென்ஸ் புகை படிந்ததுபோல மங்கும். பைக்குள்ளேயே கால் மணிநேரம் வைத்து, சூடு ஏறிய பிறகு எடுங்கள். கடற்கரை ரயில் பாதைப் பக்கம் உப்புக்காற்று, முன்னால் ஒரு வடிப்பான் மாட்டி அடிக்கடி துடையுங்கள். அலுமாரியில் வைக்கும்போது சிலிக்கா ஜெல் போடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். அதே உப்புக்காற்றுத்தான் வெள்ளவத்தையின் இரும்புச் சட்ட யன்னல்களைத் தின்கிறது. துருப்பிடித்து வீங்கிய இரும்பு கண்ணாடியை எப்படி உடைக்கிறது என்பது நெருங்கி எடுக்க வேண்டிய படம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டப் போகிறார்கள். எதையெல்லாம் எடுக்க வேண்டும்?

முதலில் உரிமையாளரிடம் அனுமதி, அதுவும் வேலையாட்கள் வரும் முன். நிலைகளையும் கதவுகளையும்தான் முதலில் கழற்றுவார்கள், முதிரையும் தேக்கும் காசு.

முழு முகப்பு ஒன்று, யன்னல் ஒவ்வொன்றும் நேர்முகமாக ஒன்று, உள்ளிருந்து ஒன்று. இவை அழகாக இருக்க வேண்டியதில்லை, நேராக இருந்தால் போதும். அளவுநாடாவை நிலையோடு சேர்த்துப் பிடித்து ஒரு படம். அதன்பிறகு பிணைச்சல், கொண்டி, கம்பியின் வேலைப்பாடு, காற்றுத் துளை, தட்டின் அடிப்பக்கம், சுவரின் தடிப்பு. கதவு திறந்தபடி ஒன்று, மூடியபடி ஒன்று. பூச்சு உரிந்த இடத்தில் அடியிலுள்ள பழைய நிறங்கள் தெரிந்தால் அதையும் விடாதீர்கள். கோப்பின் பெயரிலேயே ஒழுங்கை, திகதி, யன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று எழுதிவையுங்கள். பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் யார் கட்டினார்கள், எப்போது என்று கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள்.

தாமதமாகிவிட்டால், நகரத்துக்கு வெளியே பழைய கதவு யன்னல் விற்கும் முற்றங்கள் இருக்கின்றன. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விற்பவரைக் கேளுங்கள், பகுதியின் பெயராவது சொல்வார். சுவரிலிருந்து கழற்றிச் சாய்த்து வைத்திருப்பதால், தச்சர் சட்டங்களை எப்படிப் பொருத்தினார், சுவருக்குள் எவ்வளவு மரம் போயிருந்தது என்பதை அங்கேதான் முழுதாக எடுக்க முடியும்.